வராத நோயாளியைத் தேடிய மருத்துவமனை

புற்றுநோய்க்கு வைத்தியம் தொடங்குவதைவிட அதை முடிப்பது கடினம். மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு சிகிச்சை, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து முதல் ஏழு வாரம் வரை நீளும். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான ரத்தப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மருந்து கொடுத்தாக வேண்டும். பசி திரும்பி, உடம்பு தேறியதுபோலத் தெரியும் வேளையில்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கையிலிருந்த பணம் தீர்ந்திருக்கும், அறுவடை வந்திருக்கும், வீட்டில் மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இருக்காது. நடுவில் விட்டால் நோய் திரும்புகிறது. திரும்பிய நோய், முதலில் அடங்கிய மருந்துக்கு மறுபடி அடங்குவது அரிது.

நோயாளி வராமல் போனால் யாருக்கு நட்டம்? கட்டணத்தை நம்பி நடக்கும் மருத்துவமனையில் ஒரு படுக்கை காலியாகும். அடுத்தவர் வந்து நிரப்புவார். அரசு மருத்துவமனையில் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கவனிக்கவே ஆள் போதாது. வராதவரைத் தேட யாருக்கும் நேரமிருக்காது. வராமல் போனவரைத் தன் பொறுப்பாகக் கணக்கில் வைத்துக்கொள்ளும் மருத்துவமனை எப்படி உருவாகிறது? சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் எழுபது ஆண்டு வரலாற்றில் இதற்கு விடை இருக்கிறது. ஒரு பெண்கள் சங்கம் தொடங்கி, பொதுமக்களின் நன்கொடையில் வளர்ந்து, இன்றும் தன்னார்வ அறநிறுவனமாக நடக்கும் மருத்துவமனை அது. இலாபம் கருதாமை என்பதை அங்கே ஈகை என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரியும். ஏழை நோயாளியைக் கடைசிவரை சிகிச்சைக்குள் வைத்திருக்கும் ஏற்பாடு அது. அப்படி வைத்திருந்ததால்தான் அங்கே புதிய மருத்துவ அறிவும் விளைந்தது.

பெண்கள் சங்கத்தில் முளைத்த திட்டம்

மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் இந்தியப் பெண், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடியவர், அவ்வை இல்லத்தை நிறுவியவர் என்று பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. புற்றுநோய் அவருடைய வாழ்வுக்குள் வந்தது சொந்த வீட்டு வழியாக. 1920-களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். சீதபேதி என்று முதலில் தவறாகக் கருதப்பட்ட நோய் அது. மருத்துவரின் வீட்டிலேயே நோய் அடையாளம் காணப்படாமல் முற்றியது. பின்னர் இங்கிலாந்துக்குச் சென்றபோது புற்றுநோய்க்கென்றே தனியாக இயங்கிய மருத்துவமனையைக் கண்டார். 1935-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இங்கும் அப்படியொன்று வேண்டும் என்று பேசினார்.

பேச்சு கட்டடமாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. காலரா, அம்மை, காசநோய், பிரசவ மரணம் என்று ஊரே அழிந்துகொண்டிருந்த காலம் அது. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பார், அவருக்காகத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் பொதுமக்களிடமும் இருந்தது, ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர்களிடமும் இருந்தது. அரசு முன்வராததால் முத்துலட்சுமி தான் சார்ந்திருந்த இந்திய மாதர் சங்கத்தை நாடினார். 1917-இல் அடையாற்றில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய சங்கம் அது. பெண்களின் வாக்குரிமைக்கும் குழந்தை மணத் தடுப்புக்கும் குரல் கொடுத்துப் பழகிய அந்தச் சங்கம் 1949-இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கியது. 1952 அக்டோபர் 10 அன்று பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்தியாவில் அதற்கு முன்பே புற்றுநோய் மருத்துவமனைகள் இருந்தன. பம்பாயில் டாடா அறக்கட்டளை 1941-இல் டாடா நினைவு மருத்துவமனையைத் திறந்தது. கல்கத்தாவில் 1950-இல் சித்தரஞ்சன் மருத்துவமனை வந்தது. டாடா மருத்துவமனைக்குப் பின்னால் நாட்டின் பெரும் தொழில் குடும்பம் ஒன்றின் செல்வம் இருந்தது. 1957-இல் அதன் நிர்வாகம் மத்திய அரசின் கைக்குப் போனது, 1962 முதல் அணுசக்தித் துறையின் கீழ் இயங்குகிறது. அடையாற்றுக்குப் பின்னால் தொழில் குடும்பமும் இல்லை, துறையும் இல்லை. சங்கத்துப் பெண்கள் கேட்டுப் பெற்ற தொகைகள்தான் அதன் முதல். இந்த வேறுபாடு பின்னால் எல்லா முடிவுகளிலும் தெரிந்தது. ஒரே பெரிய கொடையாளியிடம் கடன்பட்டிராத மருத்துவமனை, ஆயிரம் சிறு கொடையாளிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. யாருக்காக இந்தப் பணம் என்ற கேள்வியை அங்கே எவரும் மறக்க முடியவில்லை.

பன்னிரண்டு படுக்கைகள்

தொடக்கத்தில் அங்கே இருந்தவை ஒரு சிறு கட்டடமும் 12 படுக்கைகளும்தான். முத்துலட்சுமியின் மகன் மருத்துவர் எஸ். கிருஷ்ணமூர்த்தி மருத்துவமனையை நடத்தும் பொறுப்பை ஏற்றார். 1955 ஏப்ரலில் மருத்துவர் வி. சாந்தா வந்து சேர்ந்தார். மகப்பேறு மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்து, தேர்வாணையத் தேர்விலும் வென்று, அரசு பெண்கள் மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்த நேரம். நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு, நாளை இருக்குமா என்று தெரியாத ஒரு குடிலுக்கு வந்ததைப் பலர் ஏற்கவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் அவர் ஊதியமின்றி வேலை செய்தார். அதன்பின் மாதம் 200 ரூபாயும் வளாகத்துக்குள் தங்க இடமும் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 19 அன்று இறக்கும்வரை அந்த வளாகமே அவர் வீடு.

இரண்டு மருத்துவர்களின் தியாகம் என்று இதைச் சொல்லி நிறுத்துவது வழக்கம். போற்ற வேண்டிய தியாகம்தான். ஆனால், அவர்கள் எடுத்த முடிவுகளைத் தனித்தனியே பார்த்தால்தான் நிறுவனம் எப்படி நிலைத்தது என்று விளங்கும். அவற்றில் முதன்மையானது, கையில் பணமில்லாத காலத்திலும் கருவியில் குறை வைப்பதில்லை என்ற முடிவு. கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி உலகிலேயே முதன்முதலாகக் கனடாவில் 1951-இல் நோயாளிகளுக்குப் பயன்பட்டது. அதே கனடாவிலிருந்து நன்கொடையாகப் பெற்ற கோபால்ட் கருவி 1950-களின் பிற்பகுதியிலேயே அடையாற்றில் இயங்கியது. உடலின் ஆழத்தில் உள்ள கட்டியைத் தோல் வெந்துபோகாமல் தாக்க அதற்கு முன் இருந்த எக்ஸ்ரே கருவிகளால் முடியவில்லை. நம் பெண்களிடம் மிகுதியாக இருந்த கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அந்தக் கருவி பெரும் வாய்ப்பாக இருந்தது.

நன்கொடையாக வந்த கருவிக்கும் செலவு உண்டு. கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சு மூலப்பொருளின் வீரியம் ஐந்தே கால் ஆண்டில் பாதியாகக் குறையும். குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியையும் கருவியின் அடியில் கூடுதல் நேரம் படுக்கவைக்க வேண்டும், வரிசை நீளும், ஒரு கட்டத்தில் மூலப்பொருளை மாற்றியே தீர வேண்டும். அறப்பணி மருத்துவமனைகள் பல தடுமாறுவது இந்த இடத்தில்தான். கட்டடத்துக்குப் பணம் கொடுப்பவர் பெயர்ப்பலகையைப் பார்த்து மகிழ்வார். மூலப்பொருளை மாற்றவும், தொழில்நுட்பருக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும், மின்கட்டணம் கட்டவும் பணம் கேட்டால் முன்வருபவர் குறைவு. ஆண்டுதோறும் மறுபடி மறுபடி மக்களிடம் போய் நிற்கும் பழக்கமே அடையாற்றை இந்தத் தடையைத் தாண்ட வைத்தது. பின்னர் அரசு மானியமும் சேர்ந்தது. 1975-இல் மத்திய அரசு அதை மண்டலப் புற்றுநோய் மையமாக ஏற்றது. மானியம் வந்த பின்னும் நிர்வாகம் அறநிறுவனத்தின் கையிலேயே இருந்தது.

யார் பணம் கட்டுகிறார்கள்?

12 படுக்கைகள் இன்று 500-ஐத் தாண்டிவிட்டன. காந்தி நகர் கால்வாய்க் கரையில் ஒரு வளாகம், சர்தார் படேல் சாலையில் இன்னொன்று. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். இவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு சிகிச்சை இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ கிடைக்கிறது. மற்றவர்கள் கட்டணம் செலுத்துகிறார்கள்.

கட்டணம் கட்டுகிறவருக்கும் கட்டாதவருக்கும் அறையில் வேறுபாடு உண்டு. தனியறை, குளிர்சாதனம், உடன் இருப்பவருக்குப் படுக்கை ஆகியவை கட்டணத்துக்கு உரியவை. எந்த மருந்து, எத்தனை சுற்று, எந்த அறுவை, எவ்வளவு கதிர்வீச்சு என்பவை நோயைப் பார்த்து முடிவாகின்றன. அங்கே பணத்துக்கு இடமில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை. வசதியுள்ளவரிடம் கிடைக்கும் தொகை, வசதியற்றவரின் சிகிச்சைக்குப் போகிறது. நன்கொடையும் மானியமும் மீதிப் பள்ளத்தை நிரப்புகின்றன.

எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு ஒரு கண்டிப்பை வேண்டுகிறது. இரு பிரிவினரும் ஒரே மருத்துவர்களிடமும், ஒரே கருவிக்கும், ஒரே ஆய்வகத்துக்கும் போக வேண்டும். ஏழைகளுக்கென்று தனிக் கட்டடமும் தனி மருத்துவரும் வைத்தால், சில ஆண்டுகளில் அந்தக் கட்டடத்துக்குப் பழைய கருவி போகும், புதிய மருத்துவர் வராமல் இருப்பார். வசதியுள்ளவரும் அதே வரிசையில் நிற்கும்போது, அந்த வரிசையின் தரம் குறைய வழியில்லை. அடையாற்றில் பணம் கட்டியவர்கள் தங்கள் பணத்தோடு தங்கள் எதிர்பார்ப்பையும் கொண்டுவந்தார்கள்; அதன் பயன் பொது வார்டுக்கும் கிடைத்தது.

இதில் மறைந்து நிற்கும் செலவு ஒன்று உண்டு. மருந்து இலவசம் என்றாலும், ஏழு வாரம் சென்னையில் தங்கிச் சாப்பிட வேண்டும். நோயாளியோடு வந்தவரின் கூலி போகும். ஊருக்குப் போய்வர டிக்கெட் வேண்டும். இந்திய ரயில்வே புற்றுநோயாளிகளுக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகை தருகிறது. உடன் வருபவருக்கும் முக்கால் பங்கு சலுகை உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சிறு உதவி. மருத்துவமனைக்குள்ளிருந்து பார்த்தால், அடுத்த சுற்று மருந்துக்கு அந்தக் குழந்தை வருமா வராதா என்பதை முடிவு செய்யும் உதவி. அடையாற்றில் மருத்துவருக்கு நிகரான இடம் மருத்துவச் சமூகப் பணியாளருக்கும் உண்டு என்று சொல்வதற்கு இதுதான் காரணம். வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிப்பது, நிலம் அடகில் இருக்கிறதா, சென்னையில் தங்க உறவினர் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்பவர் அவர். சிகிச்சை எந்த இடத்தில் அறுபடக்கூடும் என்று அந்தக் குறிப்பிலிருந்தே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

கூடி முடிவெடுப்பது

புற்றுநோய்க்கு மூன்று வகை சிகிச்சைகள் உண்டு: அறுவை, கதிர்வீச்சு, மருந்து. மூன்றுக்கும் மூன்று வல்லுநர்கள். ஒவ்வொரு வல்லுநருக்கும் தனித்தனியே கட்டணம் போகும் இடத்தில், நோயாளி முதலில் யாரைப் பார்க்கிறாரோ அவர் கைவசமுள்ள சிகிச்சையே முதலில் நடக்கும். அடையாறு அந்தப் போக்கைத் தொடக்கத்திலேயே தவிர்த்தது. மருத்துவர்கள் முழுநேர ஊழியர்கள். எந்த சிகிச்சையைத் தேர்ந்தாலும் அவர்களுடைய சம்பளம் மாறாது. அதனால் மூவரும் ஒன்றாக அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேச முடிந்தது.

இந்தக் கூட்டு முறையின் பயன் வாய்ப் புற்றுநோயில் முதலில் தெரிந்தது. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தில் வரும் புற்றுநோய் தமிழ்நாட்டில் மிகுதி. மேலை நாடுகளில் அது அரிது. ஆகவே அதற்கான சிகிச்சை முறையை அவர்களிடமிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1960-கள் முதல் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கதிர்வீச்சோடு மருந்தையும் சேர்த்துக் கொடுத்து, கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டு, முடிவுகளைப் பன்னாட்டு இதழ்களில் வெளியிட்டார்கள். இன்று தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்கு மருந்தும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சை உலகெங்கும் வழக்கமானது. நம் ஊர் நோய்க்கு நம் ஊரிலேயே விடை தேடிய தொடக்ககால முயற்சிகளில் அடையாற்றின் ஆய்வும் ஒன்று.

குழந்தைகளுக்கான தனிப் பிரிவு 1960-இல் தொடங்கியது. அங்கே நடந்ததுதான் இந்த மருத்துவமனையின் வரலாற்றில் மிகுந்த பொருளுடையது என்று கருதுகிறேன். அமெரிக்காவில் 1980-களில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். இந்தியாவில் ஐந்தில் ஒரு குழந்தைகூடப் பிழைக்கவில்லை. மருந்துகள் ஏறத்தாழ ஒன்றுதான். 1984 முதல் அடையாறு, டாடா நினைவு மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் ஆகிய மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து ஒரு பொது சிகிச்சை முறையை வகுத்தன. எம்.சி.பி. 841 என்பது அதன் பெயர். இங்கே கிடைக்கும் மருந்துகள், இங்கே தாங்கக்கூடிய செலவு, சத்துக்குறைவான குழந்தை பொறுக்கக்கூடிய அளவு, தொற்று நேர்ந்தால் இந்த வார்டுகளில் சமாளிக்கக்கூடிய வரம்பு ஆகிய எல்லாவற்றையும் எண்ணி வகுத்த முறை அது. மூன்று இடங்களிலும் ஆயிரம் பேருக்கு மேல் இந்த சிகிச்சையைப் பெற்றார்கள். நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்களின் விகிதம் பழைய நிலையைவிட இருமடங்குக்கு மேல் உயர்ந்து பாதியை ஒட்டியது.

இந்த முடிவுக்கு மருந்தின் தேர்வு ஒரு காரணம். இன்னொரு காரணம், குழந்தைகள் சிகிச்சையை முடித்தார்கள் என்பது. இரண்டு ஆண்டுச் சிகிச்சையின் பயனை அளக்க வேண்டுமானால், இரண்டு ஆண்டும் அதன்பின் பல ஆண்டுகளும் அந்தக் குழந்தையைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். பணமில்லாததால் குழந்தையை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடும் பெற்றோரைத் தடுத்து நிறுத்தும் வழி இல்லாத மருத்துவமனையில் இந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. இலவச சிகிச்சை ஒரு பக்கம், ஆராய்ச்சி மறுபக்கம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். இங்கே அவை ஒரே வேலை.

பதிவேடும் தபால் அட்டையும்

1981 டிசம்பரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாநகர மக்கள்தொகைக்கான பதிவேட்டை நடத்தும் பொறுப்பு அடையாற்றிடம் வந்தது. 1982 முதல், நகரில் வசிக்கும் எவருக்குப் புற்றுநோய் வந்தாலும், அவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அந்தத் தகவல் பதிவாகிறது. மருத்துவமனைகள் தாமாகத் தகவல் அனுப்பும் என்று காத்திருந்தால் பதிவேடு நிரம்பாது. பதிவேட்டின் பணியாளர்கள் நகரின் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் நேரில் சென்று கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி எழுதிக்கொள்கிறார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுகிறார்கள்.

எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது முதல் கேள்வி. வந்தவர்களில் எத்தனை பேர் ஐந்து ஆண்டு கழித்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது அதைவிடக் கடினமான கேள்வி. மேலை நாடுகளில் இறப்புப் பதிவோடு கணினியில் பொருத்திப் பார்த்தால் விடை கிடைக்கும். நம் நாட்டில் இறப்புக்குக் காரணம் சரியாகப் பதிவாவதில்லை. சென்னையில் சிகிச்சை பெற்றவர் தன் ஊருக்குப் போய் இறந்தால் அது சென்னைக் கணக்கில் வராது. இந்த நிலையில் வராத நோயாளியை உயிரோடு இருப்பதாக எண்ணினால் மருத்துவமனையின் வெற்றி கணக்கில் ஊதிப் பெருகும். இறந்ததாக எண்ணினால் குணமாகி ஊரில் உழுதுகொண்டிருப்பவரையும் இறந்தவராக்கிவிடும்.

இரண்டும் பொய்க் கணக்கு. ஆகவே அடையாற்றின் பணியாளர்கள் நோயாளியைத் தேடிப் போனார்கள். பதில் எழுதி அனுப்பத் தபால்செலவு முன்கூட்டியே கட்டப்பட்ட அட்டைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதில் வராவிட்டால் முகவரியைத் தேடி வீட்டுக்கே சென்றார்கள். தொலைபேசி பரவிய பின் அழைத்துக் கேட்டார்கள். இப்படித் திரட்டிய தகவல்கள், வளரும் நாடுகளில் புற்றுநோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1998-இலும் 2011-இலும் வெளியிட்ட தொகுப்புகளில் இடம்பெற்றன. தேடல் எவ்வளவு நிறைவாக நடந்ததோ அவ்வளவுக்கே உயிர்வாழ்வு விகிதம் நம்பத்தக்கது என்பதைச் சென்னைத் தரவுகளைக் கொண்டு ஆய்வாளர்களால் காட்ட முடிந்தது.

பதிவேடு தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது படிப்படியாகக் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்தது. மகப்பேறு குறைந்தது, திருமண வயது உயர்ந்தது, தண்ணீரும் கழிப்பறையும் கிடைத்தன. இவற்றின் விளைவை ஒரு நகரம் தன் உடம்பில் எப்படிச் சுமந்தது என்பதற்கான சான்று அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. எந்த நோய்க்கு எத்தனை படுக்கை வேண்டும், எங்கே பரிசோதனை முகாம் வேண்டும் என்று அரசு திட்டமிடும்போது ஊகத்தை விட்டு எண்ணிக்கையைப் பார்க்க முடிந்தது. 2012 முதல் மாநிலம் முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தையும் அரசோடு சேர்ந்து அடையாறே ஒருங்கிணைக்கிறது. இந்த வேலையில் ஒரு ரூபாய் வருமானமும் இல்லை. வருமானத்தைக் கணக்கிடும் நிறுவனம் இதை முதல் நாளிலேயே கைவிட்டிருக்கும்.

கற்றுக்கொடுத்தது யாருக்கு?

புற்றுநோய் மருத்துவம் இந்தியாவில் தனித்துறையாக இல்லாத காலத்தில் அடையாறு அதைக் கற்பிக்கத் தொடங்கியது. 1984-இல் தொடங்கிய கல்லூரிக்கு முத்துலட்சுமியின் பெயர் வைக்கப்பட்டது. புற்றுநோய் அறுவை சிகிச்சையிலும் மருந்து சிகிச்சையிலும் உயர்பட்டப் படிப்புகளை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இடம் அது. அங்கே படித்தவர்கள் இன்று தென்னிந்தியாவின் அரசு, தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் புற்றுநோய்த் துறைகளை நடத்துகிறார்கள்.

இதில் நிறுவனத்துக்கு ஒரு வலியும் உண்டு. அறநிறுவனம் பயிற்சி கொடுக்கிறது. பெரும் மருத்துவமனைகள் பலமடங்கு சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்கின்றன. வெளியேறுபவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் குடும்பம் உண்டு, கடன் உண்டு. ஆனால் 200 ரூபாய்ச் சம்பளத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களை முன்மாதிரியாகக் காட்டி ஒரு மருத்துவமனையை என்றென்றும் நடத்திவிட முடியாது. சாந்தாவுக்கு 2005-இல் மகசேசே விருதும் 2016-இல் பத்ம விபூஷண் விருதும் கிடைத்தன. நாடு அவரைப் போற்றியது சரியே. அவரைப் போன்ற ஒருவர் இல்லாத நாளிலும் அந்த வேலை நடக்க வேண்டும் என்றால், அறநிறுவன மருத்துவருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கும் வழியைச் சமூகம் கண்டாக வேண்டும்.

மருத்துவமனையின் கைக்கு எட்டாதவை

எவ்வளவு சிறந்த மருத்துவமனைக்கும் எல்லை உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். வலி இல்லாத கட்டியைப் பொருட்படுத்தாதது, பெண் தன் உடலில் கண்ட மாற்றத்தை வெளியே சொல்லத் தயங்குவது, உள்ளூரில் மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிட்டது என்று காரணங்கள் பல. ஆரம்பச் சுகாதார நிலையம் நோயைச் சந்தேகித்து அனுப்பினால்தான் அடையாறு தன் வேலையைச் செய்ய முடியும்.

மருந்தின் விலையும் அதன் கையில் இல்லை. நாட்பட்ட ரத்தப் புற்றுநோய் ஒன்றை மாத்திரையால் அடக்கும் இமாட்டினிப் மருந்து வந்தபோது, அதைக் கண்டுபிடித்த நிறுவனத்தின் விலை மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். இந்திய நிறுவனங்கள் அதே மருந்தைப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கொடுத்தன. அதற்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது. அந்த ஒரு தீர்ப்பு காப்பாற்றிய உயிர்களுக்கு ஈடாக எந்த நன்கொடைத் திட்டத்தாலும் செய்திருக்க முடியாது. அறநிறுவனத்தின் வார்டில் நடப்பதைச் சட்டமும் சந்தையும் எவ்வளவு தூரம் முடிவு செய்கின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

மூன்றாவதாக, காப்பீடு. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்த பின், ஏழை நோயாளியின் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. இது பெரும் விடுதலை. ஆனால் காப்பீடு ஒரு அறுவைக்கு இவ்வளவு, ஒரு சுற்று மருந்துக்கு இவ்வளவு என்று நடந்து முடிந்த செயலுக்குப் பணம் தருகிறது. நோயாளி அடுத்த சுற்றுக்கு வராமல் போனால் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் சமூகப் பணியாளரின் சம்பளத்துக்கு அதில் இடம் இல்லை. தபால் அட்டைக்கு இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு இல்லை. ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதற்கு இல்லை. காப்பீட்டை மட்டுமே நம்பும் மருத்துவமனை, பணம் வரும் செயல்களைப் பெருக்கும். பணம் வராத தொடர்ச்சியை விட்டுவிடும். அறநிறுவனங்களும் மெல்ல அந்தப் பக்கம் சாயும் ஆபத்து இருக்கிறது.

எதைப் பின்பற்றுவது?

அடையாற்றைப் போல இன்னொன்று என்று பேசும்போது கட்டடத்தையும் கருவியையும் எண்ணுகிறோம். அவற்றை இன்று யாரும் வாங்கலாம். பின்பற்ற வேண்டியவை வேறு மூன்று. கட்டணம் கட்டுகிறவரையும் கட்டாதவரையும் ஒரே மருத்துவரின் கீழ் வைப்பது. செய்யும் சிகிச்சையைப் பொறுத்து மருத்துவரின் வருமானம் மாறாமல் பார்த்துக்கொள்வது. வராமல் போனவரை எண்ணுவது. மூன்றாவதைத் தவறவிட்டால் முதல் இரண்டும் நன்றாக நடக்கின்றனவா என்று அறியவே வழியில்லை.

அரசு செய்யக்கூடியதும் உண்டு. புற்றுநோய்க்குப் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம், தொடங்கிய சிகிச்சை முடிக்கப்பட்டதா என்பதற்கும் ஒரு தொகை ஒதுக்கலாம். தங்குமிடத்தையும் பயணத்தையும் சிகிச்சையின் பகுதியாகக் கணக்கிடலாம். திட்டத்தில் சேரும் ஒவ்வொரு மருத்துவமனையும், தொடங்கியவர்கள் எத்தனை பேர், முடித்தவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று விதிக்கலாம். இன்று தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் ஒரு குடும்பம் புற்றுநோய் மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது விளம்பரத்தையும் அக்கம்பக்கத்தார் சொல்லையும் தவிர வேறு எதுவும் அதன் கையில் இல்லை. அந்த இரண்டு எண்களும் கையில் இருந்தால் குடும்பம் தன் முடிவைத் தெரிந்து எடுக்கும். மருத்துவமனைகளும் வராதவரைத் தேடத் தொடங்கும்.

1949-இல் சில பெண்கள் ஒரு நிதியைத் தொடங்கியபோது, புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறப்பார் என்ற பொது நம்பிக்கையை எதிர்த்துத்தான் தொடங்கினார்கள். அந்த நம்பிக்கை பொய் என்று மேடையில் சொல்வது போதவில்லை. பிழைத்தவர்களை ஒருவர் ஒருவராக எண்ணிக் காட்ட வேண்டியிருந்தது. எண்ணுவதற்கு அவர்களைத் தேட வேண்டியிருந்தது. தேடுவதற்கு அவர்களை விட்டுவிடாத ஒரு நிறுவனம் வேண்டியிருந்தது. அத்தகைய நிறுவனங்களைத் தமிழ்ச் சமூகம் தன் காசில் கட்டிக் காட்டியிருக்கிறது. இனிக் கட்டப்போகும் மருத்துவமனைகளிடமும் அதே அளவுகோலைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.